வெள்ளிக்கிழமைக் கரி

நான் வேலை பார்த்த அறையில் சிகரெட் பிடிக்கக் கூடாது. ஊதுபத்தி கொளுத்தக் கூடாது. பஞ்சு, கடதாசி, நூல் எதுவும் மேசைக்குக் கிட்டவே வரக் கூடாது. ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைக்கிற எங்கள் பேராசிரியர்கூட, புகைக்க வேண்டுமென்றால் இரண்டு மாடி இறங்கி முற்றத்துப் பலாமரத்தடிக்குப் போவார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போவார். அவ்வளவும் ஒரு பிடி கரிக்காக.

குகைகளைத் தோண்டும்போது கிடைக்கிற கரி அது. ஆதி மனிதர் மூட்டிய அடுப்புகளின் மிச்சம். மரமோ மிருகமோ மனிதரோ, உயிரோடு இருக்கும்வரை ஒரு வகைக் காபனை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கும். உயிர் போனதும் அது நின்றுவிடும். பிறகு உள்ளே இருப்பது ஒரே கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால், அந்த உயிர் எப்போது நின்றது என்று சொல்லிவிடலாம். அளக்கிற இயந்திரம் எங்களிடம் இருக்கவில்லை. வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடம் இருந்தது. நாங்கள் கரியைச் சுத்தம் செய்து, அலுமினியத் தாளில் சுற்றி, இலக்கமிட்டு அனுப்புவோம். நாங்கள் என்றால் நான்தான்.

கரித்துண்டுகளுக்குள் வேர்கள் நுழைந்திருக்கும், தலைமயிரைவிட மெல்லியவை. நேற்று முளைத்த புல்லின் வேர் ஒன்று தங்கிவிட்டால் போதும், பழைய கரியை அது இளசாகக் காட்டிவிடும். அவற்றைச் சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுப்பதுதான் என் நாள் முழுவதும். விசர் வேலை என்று என்னோடு படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. தம்பியை நினைக்காமல் நான் இருக்கக்கூடிய ஒரே இடம் அந்த மேசைதான்.

நான் வேலை பார்த்த கந்தோர் கொழும்பில், மருதானையில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வெள்ளவத்தையில் கரையோர ரயிலில் ஏறினால் நேரே மருதானையில் இறங்கலாம். நடுவில் எத்தனை தரம் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது, கடைசியாகக் குண்டு எங்கே வெடித்தது என்பதைப் பொறுத்தது. ஒருமுறை ஒரு சிப்பாய் என் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டு இது என்ன என்று கேட்டான். ஆதிகாலத்து அடுப்புக் கரி என்று சிங்களத்தில் சொன்னேன். இவர்களுக்கு அடுப்பெரிக்கவும் வழியில்லாமல் போய்விட்டது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தான். கந்தோர் அடையாள அட்டையை நீட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, பொட்டலத்தை அவனே திரும்பச் சுற்றித் தந்தான்.

அந்த அட்டை என்ன பெறுமதி என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று மொழியிலும் எழுதி, முத்திரை குத்தி, என் படம் ஒட்டியிருந்தது. அது இருந்ததால்தான் பொலிஸ் நிலையங்களின் வாசலைத் தாண்டி உள்ளே மேசைவரைக்கும் போக என்னால் முடிந்தது. மற்றத் தாய்மாரும் அக்காமாரும் வெளியே வெயிலில் நின்றார்கள்.

தம்பி வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்தவன். நானும் அம்மாவும் வெள்ளவத்தையில், கடலுக்குப் போகிற ஓர் ஒழுங்கையில், ஒரு முஸ்லிம் வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். கொழும்பில் தமிழர் தங்கும் இடத்தையெல்லாம் பொலிசில் பதிய வேண்டும், அந்தப் பதிவில் எங்கள் அறைக்கு இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் வந்தால் வீட்டுக்கார ஆன்ட்டிக்குத் தொல்லை வரும் என்று நினைத்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அவனுக்கு இடம் பிடித்தேன். அவனுக்கு அங்கே போக விருப்பமில்லை. நான்தான் விடாப்பிடியாக அனுப்பினேன். மூன்றாவது கிழமை அங்கே சுற்றிவளைப்பு நடந்தது. லொட்ஜில் இருந்த எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் எல்லோரையும் விட்டார்கள். தம்பி மட்டும் வரவில்லை.

அப்படியொருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை என்றார்கள். அடுத்த நிலையத்திலும் அதையே சொன்னார்கள். லொட்ஜ்காரர் அறையைத் திறந்து விட்டார். ஆணியில் நீலக்கோடு போட்ட ஒரு சட்டை தொங்கியது, ஒருநாள் போட்டு வியர்த்தது. அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைத் தோய்க்கவில்லை. எங்கள் அறைக் கதவின் பின்னால் அதே மாதிரி ஓர் ஆணியில் மாட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபடும் நேரம் அம்மா சாம்பிராணி போடுவார். சாமிப்படத்துக்குக் காட்டி, அறை மூலைகளுக்குக் காட்டி, கடைசியில் தூபக்காலைச் சட்டைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். புகை கைகளுக்குள்ளாலும் கழுத்துக்குள்ளாலும் ஏறி வெளியே வரும். அந்த நேரம் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சட்டை கொஞ்சம் உப்பி, உள்ளே ஆள் நிற்பது போல இருக்கும்.

பேராசிரியர் நல்ல மனிதர். கந்தோர் கடிதத் தலைப்பில் தம்பிக்காக எத்தனையோ கடிதங்கள் எழுதினார். நான் கேட்டு எழுதியவை பாதி, கேளாமல் எழுதியவை பாதி. ஒவ்வொன்றிலும் ஒப்பமிட்டு நிமிரும்போது, "மல்லி கென ஆரஞ்சியக்?" என்று கேட்பார். தம்பியைப் பற்றி ஏதும் செய்தி உண்டா என்று, சிங்களத்தில். இல்லை சேர் என்பேன். இரண்டு வருடமாக அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் மாறவில்லை.

அவருக்கும் ஒரு காத்திருப்பு இருந்தது. ஈரவலயக் காட்டுக்குள் அவர் தோண்டிய குகையில், எல்லா அடுக்குக்கும் கீழே, பாறையைத் தொட்டுக்கொண்டு ஓர் அடுப்பு கிடைத்தது. அதற்குள் கெக்குண என்கிற காட்டு மரத்துக் கொட்டைகளின் எரிந்த ஓடுகள். யாரோ கொட்டையை உடைத்துத் தின்றுவிட்டு ஓட்டை நெருப்பில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தீவில் மனிதர் வாழ்ந்த காலத்தை அந்த அடுப்பு வெகுதூரம் பின்னால் தள்ளிவிடும் என்று அவர் நம்பினார். எழுதியும் விட்டார். நம்பாதவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த வெள்ளத்தில் குகையின் அந்தப் பக்கம் இடிந்து போயிற்று. ஆகவே மிஞ்சியது அந்த ஓடுகள் மட்டும்தான். அவற்றை இரண்டு பங்காக்கினோம். ஒரு பங்கு அனுப்ப, மற்றது கையிருப்பாக இரும்பு அலுமாரியில். அலுமாரிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது.

அந்த வருடம் மழை பொய்த்து, நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. கந்தோரில் என் மேசை இருட்டு மூலையில் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை வெளிநாடு போகிற ஒருவர் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. வீட்டு யன்னலில் கடல் வெளிச்சம் நன்றாக வரும் என்பதால், பேராசிரியரிடம் சொல்லாமல் முதல் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு யன்னலடியில் இருந்தேன். பின்னேரம் ஆன்ட்டி கீழேயிருந்து கூப்பிட்டார். காலையில் ஒழுங்கை முனையில் சோதனை நடந்ததாம், பதிவை உடனே புதுப்பிக்கச் சொல்கிறார்களாம். கரித்துண்டுகளைக் கண்ணாடித் தட்டில் மூடி வைத்துவிட்டு, அம்மாவின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வரும்போது பொழுது பட்டுவிட்டது. படியேறும்போதே சாம்பிராணி மணத்தது. அலுத்து வந்த எனக்கு அந்த மணம் நன்றாக இருந்தது என்பதுதான் இப்போதும் என்னால் பொறுக்க முடியாத விடயம்.

தட்டு வெறுமையாக இருந்தது.

"அம்மா, இதுக்குள்ள கிடந்தது எங்க?"

"எது, அந்தச் சிரட்டைக்கரியோ? லோண்டரி பூட்டிக் கிடக்கு பிள்ளை. அந்த மனுசனையும் காலமை ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். வெள்ளிக்கிழமை புகை காட்டாமல் விடேலுமோ? உன்ர மேசையில கிடந்தது, எடுத்தனான்."

அம்மாவில் பிழை சொல்ல முடியாது. ஒழுங்கை முனை லோண்டரியில் ஸ்திரிக்கைப் பெட்டிக்கு எரிக்கிற சிரட்டைக்கரியில்தான் அம்மா ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் வாங்குவார். எரிந்த கெக்குண ஓடும் எரிந்த சிரட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். மகள் வீட்டில் கரி வைத்திருந்தால் அது சாம்பிராணிக்கு இல்லாமல் வேறு எதற்கு?

"முதல்ல பத்தவே மாட்டனெண்டு நிண்டுது," என்றார். "பத்தினாப் பிறகு அணையவே இல்லை. பார், இன்னும் கணகணவெண்டு கிடக்கு."

பார்த்தேன். தூபக்காலுக்குள் அந்த ஓடுகள் சிவந்து கிடந்தன. எந்தக் காலத்திலோ யாரோ அணைத்துவிட்டுப் போன நெருப்பு எங்கள் அறையில் திரும்ப எரிந்துகொண்டிருந்தது. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். உங்களுக்கு மூளை இருக்கா என்று கேட்டேன். என் வேலை போகப் போகிறது, அட்டை போகப் போகிறது, பிறகு உங்கள் மகனை யார் தேடுவது என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் செத்து இரண்டு வருடம், நீங்கள் வெறும் சட்டைக்குப் புகை காட்டுகிறீர்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மா தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய்ப் படியில் நின்றார். அப்போதுதான் கீழே தொலைபேசி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டி படியடிக்கு வந்து மேலே பார்த்தார்.

"ஆரோ சிங்களத்தில பேசினாங்க," என்றார். "அக்காட்ட சொல்லுங்க, மல்லி உசிரோட ஈக்கிறாரு, பயப்பட வாணாமெண்டு சென்னாங்க. அவ்வளவுதான். நான் எங்க எண்டு கேக்கக்குள்ள கட் பண்ணிட்டாங்க."

நான் பாய்ந்து இறங்கினேன். யார், என்ன குரல், ஆணா பெண்ணா என்று ஆன்ட்டியைத் துளைத்தெடுத்தேன். வேறொன்றும் தெரியாது என்றார். அம்மா இறங்கி வரவில்லை. படியில் நின்றபடியே கையிலிருந்த தூபக்காலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அலுமாரியைத் திறந்து கையிருப்புப் பங்கை எடுத்தேன். அதைச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. மூன்று நாள்தான் இருந்தது. ஆகவே அதையும் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். இந்த முறை தட்டைவிட்டு எழும்புவதில்லை என்று முடிவு. யன்னலடியில் இருந்து தாளைப் பிரித்தேன். ஆறு துண்டுகள்.

அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதானே?" என்றார்.

"அம்மா, இது சிரட்டை இல்லை. ஆதிகாலத்துச் சனம் எரிச்ச அடுப்பில கிடந்தது. எத்தினை ஆயிரம் வருசம் எண்டே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அனுப்பிறம்."

"அவ்வளவு பழசோ?"

"ஓம்."

"அவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கிடந்தும் அழியேல்லை. நெருப்பு வைச்ச உடன எழும்பி எரியுது." அம்மா குரலை உயர்த்தவில்லை. "அப்ப என்ர பிள்ளை ரெண்டு வருசத்தில அழிஞ்சு போவானோ?"

நான் சாவணத்தைக் கீழே வைத்தேன்.

"அண்டைக்கு எரிச்சன், அண்டைக்கே அவனைப் பற்றிச் சேதி வந்தது," என்றார். "நீயும் கேட்டனிதானே? நான் உன்னட்டை இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கிறன்?"

இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமை நான் அம்மாவிடம் சொன்ன வார்த்தை மட்டும்தான் நினைவில் நின்றது. அதோடு, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, நானும் பாதி நம்பினேன். கதிரியக்கக் காபன் என்றால் என்ன என்று மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டிய அதே ஆள்தான். ஆறு துண்டையும் அலுமினியத் தாளோடு அம்மாவின் கையில் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை, அதே குகையின் மேலடுக்கிலிருந்து வந்த கரிப் பெட்டியைத் திறந்தேன். அதிலும் கெக்குண ஓடு இருந்தது. முன்பே அளந்து முடிந்த அடுக்கு, மிச்சம் நிறையக் கிடந்தது. ஏழெட்டுத் துண்டுகளை எடுத்துப் புதுத் தாளில் சுற்றி, அடியடுப்பின் இலக்கத்தை என் கையாலேயே எழுதினேன். எனக்கு நல்ல கையெழுத்து. வியாழக்கிழமை பேராசிரியர் பொட்டலத்தை வாங்கி, ஒருமுறை இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பார்த்துவிட்டு, போகிறவரிடம் கொடுத்தார்.

முடிவு வரப் பல மாதங்கள் எடுத்தது. அந்த மாதங்களில் அவர் தபால் வரும் நேரத்துக்குச் சிகரெட்டை மறந்துவிட்டு மேலேயே இருப்பார். ஒருநாள் உறை வந்தது. நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார். அவர் சொன்ன காலத்தில் பாதிகூட இல்லை.

"மண் பொய் சொல்லாது, மிஸ்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நான்தான் பிழை. மேலே இருந்த அடுப்பு எப்படியோ கீழே சரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை."

நான் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன். வாயைத் திறந்தால் போதும், ஒரே ஒரு வசனம். கழுத்தில் அட்டை தொங்கியது. அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, தன் தலைவலியை என்மேல் இறக்கிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, முகத்தை மாற்றிக்கொண்டு, "மல்லி கென ஆரஞ்சியக்?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

தான் பிழை விட்டதாக அவர் கட்டுரை எழுதினார். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அதற்குப் பிறகு அவர் அந்தக் குகையைப் பற்றிக் கதைப்பதில்லை. யாரும் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

அம்மா அந்த ஆறு துண்டுகளையும் சிக்கனமாகத்தான் செலவழித்தார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, லோண்டரிக் கரியோடு ஒரு துண்டு. அந்த நாட்களில் நான் ஏதாவது சாட்டுச் சொல்லிப் படியில் போய் இருப்பேன், தொலைபேசிக்குக் கேட்கும் தூரத்தில். ஆன்ட்டி வாசலுக்கும் குசினிக்குமாக நடந்து திரிவார். என்னைக் கண்டால் நின்று ஏதோ சொல்ல வருவார், பிறகு தேத்தண்ணி வேணுமா என்று கேட்பார். தொலைபேசி ஆன்ட்டியின் மகளுக்கு அடித்தது, மருமகனுக்கு அடித்தது. எங்களுக்கு அடிக்கவில்லை. துண்டுகள் முடிந்த பிறகும் அம்மா வெறும் சிரட்டைக்கரியில் புகை காட்டினார். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், இனித் திவசம் செய்யத்தான் வேண்டும், இறந்த திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம் என்றார். அம்மா அவருக்கு ஊற்றிய தேத்தண்ணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். என்னிடமும் அந்தச் சொந்தக்காரர் கேட்டார், திகதி ஏதும் தெரியாதா என்று. எந்த உயிர் எப்போது நின்றது என்று கண்டுபிடிக்கிற கந்தோரில் நான் வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

யுத்தம் முடிய முன்னரே அம்மா போய்விட்டார். நோய் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காலை எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் ஆன்ட்டி படியேறி வந்தார். முழங்கால் வருத்தம், மேலே வந்தே பல வருடம். கட்டிலின் ஓரத்தில் இருந்து முந்தானையை முறுக்கிக்கொண்டேயிருந்தார்.

"மகள், அந்தக் கோல் ஒங்களுக்கு ஞாபகம் ஈக்கிதானே? மல்லி ஈக்கிறாரெண்டு சென்ன கோல்."

"ஓம் ஆன்ட்டி."

"அப்பிடி ஒரு கோல் வரல்ல. ராங் நம்பர். ஆரோ மீன்கடையா எண்டு கேட்டாங்க." அழத் தொடங்கிவிட்டார். "நீங்க மேல கத்தினது எல்லாம் எனக்குக் கேட்டிச்சி. செத்துட்டான் எண்டு சென்னீங்களே, அதும் கேட்டிச்சி. வெளிய வந்து பாத்தா, ஒங்கட அம்மா அந்தப் புகைச்சட்டிய வெச்சிட்டு படியில நிண்டாங்க. அந்த மொகத்தப் பாத்திட்டு எனக்கு வாயில வந்திட்டு. பொறகு எத்தினயோ தரம் சொல்லப் பாத்தேன். எப்பிடிச் சொல்ற?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம், இத்தனை வெள்ளிக்கிழமை, படியில் நான் இருந்த இருப்பு, ஆறு துண்டுக் கரி. அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. காத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு இப்படிப் பொய் சொல்லலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதி அந்த ஒழுங்கையில் வேறு யாருக்காவது இருந்திருக்கலாம், எனக்கு இல்லை. ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அவர் இறங்கிப் போனபிறகு கதவைச் சாத்தி, சட்டையை ஆணியிலிருந்து கழற்றினேன். நீலம் முழுவதும் மண்ணிறமாகியிருந்தது, தொட்டால் பிசுபிசுத்தது. தோய்ப்போம் என்று சட்டைப்பையைத் தட்டினேன். ஏதோ இருந்தது. அலுமினியத் தாள், நாலாக மடித்தது. உள்ளே ஒரேயொரு கெக்குண ஓடு. தாளின் மேல் அடியடுப்பின் இலக்கம், என் கையெழுத்தில். அம்மா ஐந்தைத்தான் எரித்திருக்கிறார். ஆறாவதை அவனுக்கென்று வைத்திருக்கிறார்.

பேராசிரியர் அப்போது ஓய்வு பெற்று, தெகிவளைக்கு அப்பால் மகளோடு இருந்தார். மேசையில் தாளை விரித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிராணியிலிருந்து மேலடுக்குக் கரிவரைக்கும், ஒன்றையும் மறைக்கவில்லை. அவருடைய முகம் அப்படி மாறியதை நான் முன்னர் கண்டதில்லை.

"நான் பிழையென்று என் கையால் எழுதினேன்," என்றார். "நீ அதைத் தட்டச்சு செய்தாய். ஒரு எழுத்துப்பிழையும் இல்லாமல்."

"ஓம் சேர்."

எழும்பி வெளியே போனார். போகச் சொல்கிறாராக்கும் என்று நானும் எழும்பினேன். யன்னலால் பார்த்தால், வெளியே மதிலோரமாக நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மேசையில் கரி இருக்கிறதே. அந்தக் கோபத்திலும் அவர் அதை மறக்கவில்லை. இரண்டு சிகரெட் முடியும்வரை காத்திருந்தேன்.

திரும்பி வந்து, "எங்கே கிடந்தது?" என்று கேட்டார்.

"தம்பியின் சட்டைப்பையில். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்குள்."

"உலகத்தில் இதைவிட மோசமான இடம் இல்லை." பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "அளக்க இப்போது இவ்வளவும் தேவையில்லை. கடுகளவு போதும். நீயே கழுவு. வேறு யாரிடமும் கொடுக்காதே."

கழுவினேன். அமிலத்தில், காரத்தில், திரும்ப அமிலத்தில். முதல் நீரில் சாம்பிராணி மணத்தது. பிறகு மணக்கவில்லை. என் வாழ்க்கையில் எதையும் அப்படிச் சுத்தம் செய்ததில்லை.

சில மாதங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆன்ட்டி கீழேயிருந்து கூப்பிட்டார். "மகள், ஒங்கட சேர், லைன்ல." அதே தொலைபேசி, அதே முக்காலி. அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து வந்த எண்ணை வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார். அவர் முதலில் எழுதியதைவிட அது பழையது. கிழவர் அழுகிறார் என்று விளங்கியதும் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாழ்த்துகள் சேர் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

பிறகு அவர் பழைய குரலில் கேட்டார்.

"மல்லி கென ஆரஞ்சியக்?"

ஆன்ட்டி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் சொன்ன அதே இல்லை சேர்தான் நாவில் நின்றது. சொல்லவில்லை.

"மல்லி இறந்துவிட்டார், சேர்," என்றேன்.

"ஐயோ, மிஸ்," என்றார். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, வாழ்நாள் முழுவதும் கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதர், வாயில் தானாக வந்திருக்க வேண்டும்.

"எப்போது?" என்று கேட்டார்.

"தெரியாது, சேர்," என்றேன்.